கதையில் யாரும் பேசாத மொழி



1925 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மணிலாவிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘பிலிப்பைன் ஹெரால்ட்’ என்ற ஆங்கில ஏட்டில் அன்று ஒரு சிறுகதை அச்சானது. தலைப்பு ‘டெட் ஸ்டார்ஸ்’. எழுதியவர் பாஸ் மார்க்கெஸ் பெனித்தெஸ், முப்பத்தொரு வயதான பல்கலைக்கழக ஆசிரியை. பிலிப்பைன்ஸ்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளில் கலையாகத் தேறிய முதல் கதை என்று அந்நாட்டு இலக்கிய வரலாறுகள் இதைத்தான் காட்டுகின்றன.

அந்த அம்மையாரின் வயதைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். 1894இல் லுசேனா என்ற ஊரில் அவர் பிறந்தபோது நாட்டை ஆண்டது ஸ்பெயின். அவருக்கு இரண்டு வயதாகும்போது ஸ்பெயினுக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. நான்கு வயதில் நாடு தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது. ஐந்து வயது நிரம்பும் முன்பே அமெரிக்கப் படையோடு போர். ஏழு வயதில், ஆங்கிலம் சொல்லித்தர ஒரு கப்பல் நிறைய ஆசிரியர்கள் மணிலா விரிகுடாவில் வந்து இறங்கினார்கள். அந்தக் கப்பல் வந்து இருபத்து நான்கு ஆண்டுகளில் ‘டெட் ஸ்டார்ஸ்’ வந்துவிட்டது.

ஒரு மொழி ஒரு நாட்டில் வந்திறங்கி ஒரு தலைமுறை கழிவதற்குள் அதில் நல்ல கதை பிறந்தது எப்படி? வழக்கமாகச் சொல்லப்படும் விடை, பள்ளிக்கூடம். அமெரிக்கர்கள் பள்ளி திறந்தார்கள், பிள்ளைகள் படித்தார்கள், படித்தவர்கள் எழுதினார்கள் என்பார்கள். இந்த விடை பாதிதான் சரி. பள்ளிக்கூடத்தால் பிழையில்லாமல் கட்டுரை எழுத வைக்க முடியும். கதை எழுதுபவர் உருவாக வேறு சிலவும் வேண்டும். கதையை வாங்கி அச்சிடப் பத்திரிகை வேண்டும்; அதற்குக் காசு கொடுக்கும் ஆசிரியர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே எழுத வந்த ஒவ்வொருவரும் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. கதையில் வரும் ஆண்களும் பெண்களும் வீட்டில் தகலோக் பேசுகிறார்கள், இலோகானோ பேசுகிறார்கள், செபுவானோ பேசுகிறார்கள், சில வீடுகளில் ஸ்பானியம் பேசுகிறார்கள். ஆங்கிலம் பேசுபவர் யாரும் இல்லை. அவர்களுடைய பேச்சை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? இன்று நான் முக்கியமாகப் பேச விரும்புவது இந்தச் சிக்கலைப் பற்றித்தான்.

அதற்கு முன், அந்த மொழி வந்த வழியைச் சொல்லியாக வேண்டும். 1898 டிசம்பரில் பாரிஸில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அமெரிக்கா இரண்டு கோடி டாலர் கொடுத்தது. அதற்கு ஆறு மாதம் முன்பே புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ விடுதலையை அறிவித்திருந்தார். மாலோலோஸ் நகரில் சொந்தக் காங்கிரஸைக் கூட்டி, சொந்த அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்த அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1899 பிப்ரவரியில் போர் மூண்டது. 1902 ஜூலையில் அது முடிந்துவிட்டதாக அமெரிக்கா அறிவித்தது. சண்டையாலும் பசியாலும் நோயாலும் மாண்ட பொதுமக்கள் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பிலிப்பைன்ஸின் ஆங்கில இலக்கியத்தைப் பேசத் தொடங்கும்போது இந்த எண்ணைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை.

போர் நடந்துகொண்டிருந்தபோதே பள்ளிகளும் திறக்கப்பட்டன. முதலில் பாடம் சொன்னவர்கள் படைவீரர்கள். 1901 ஜனவரியில் இயற்றப்பட்ட 74ஆம் எண் சட்டம் பொதுக் கல்வித்துறையை நிறுவி, ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று ‘தாமஸ்’ என்ற ராணுவப் போக்குவரத்துக் கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்களைக் கொண்டுவந்தது. கப்பலின் பெயரை வைத்தே அவர்களைத் ‘தாமசைட்ஸ்’ என்றார்கள். தீவு தீவாக, ஊர் ஊராகப் பிரிந்து போனார்கள். மறு ஆண்டே காலரா பரவியது. அவர்களில் சிலர் திரும்பிப் போகவே இல்லை. பலர் நல்ல மனத்தோடு உழைத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மொழிக் கொள்கையை வகுத்தது அவர்களுடைய நல்ல மனம் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாட்டில், பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த எந்த மொழிக்கும் வகுப்பறையில் இடம் இல்லை என்று அரசு முடிவு செய்திருந்தது.

ஆங்கிலம் வருவதற்கு முன் அங்கே இலக்கியமே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிரான்சிஸ்கோ பலக்தாஸ் தகலோக் மொழியில் எழுதிய ‘ஃப்ளோரான்தே அத் லாவ்ரா’ என்ற நெடுங்கவிதை 1838இல் வெளிவந்தது. ஹோசே ரிசால் ஸ்பானிய மொழியில் எழுதிய இரண்டு நாவல்கள், 1887இலும் 1891இலும், ஒரு தேசத்தையே எழுப்பின. 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. அமெரிக்க ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் தகலோக் நாடக மேடை கொதித்துக்கொண்டிருந்தது. 1903 மே மாதம் அவுரேலியோ தொலெந்தினோவின் ‘நேற்று, இன்று, நாளை’ என்ற நாடகம் மணிலாவில் மேடையேறியது. ராஜத்துரோகச் சட்டத்தின்கீழ் அவரைக் கைது செய்தார்கள். ஹுவான் அபாத் போன்ற மற்ற நாடகக்காரர்களுக்கும் அதே கதி. 1906இல் லோப்பே சாந்தோஸ் சோஷலிசக் கருத்துகளோடு ஒரு தகலோக் நாவலை நூலாக்கினார்.

ஆக, ஒரே காலத்தில் இரண்டு காட்சிகள். தாய்மொழியில் எழுதிய பெரியவர்கள் சிறையில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதப்போகும் பிள்ளைகள் வகுப்பறையில் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவை மனப்பாடம் செய்கிறார்கள். தகலோக் எழுத்துக்குப் பின்னால் புரட்சி இருந்தது. ஆங்கில எழுத்துக்குப் பின்னால் ஆசிரியரின் சிவப்பு மசிதான் இருந்தது. முதல் பதினைந்து, இருபது ஆண்டு ஆங்கில எழுத்து ஏன் அவ்வளவு உயிரில்லாமல் இருந்தது என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான். மொழித் தேர்ச்சி போதாமை ஒரு காரணம். யாரிடம் சொல்கிறோம் என்பது எழுதியவர்களுக்கே தெரியாமல் இருந்தது பெரிய காரணம். அவர்கள் ஆசிரியருக்காக எழுதினார்கள்.

அந்தக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1903இல் அரசுச் செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மாணவர்கள் 1905இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஒரு மாணவர் இதழ் கொண்டுவந்தார்கள். 1908இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1910இல் அங்கே ‘காலேஜ் ஃபோலியோ’ என்ற இதழ் வந்தது. ஃபெர்னாண்டோ மாராமாக் போன்றவர்களின் கவிதைகள் அதில்தான் தலைகாட்டின. யாப்பு சரியாக இருக்கும், எதுகை சரியாக விழும், நிலவும் கிராமத்துப் பெண்ணும் வருவார்கள். எல்லாம் ஆங்கிலக் கவிஞர்களின் கண்ணாடி வழியாகவே வரும். 1921இல் பம்பாங்கா மாகாணத்தைச் சேர்ந்த சோய்லோ காலாங் ‘எ சைல்ட் ஆஃப் சாரோ’ என்ற முதல் ஆங்கில நாவலை வெளியிட்டார். பெயருக்கேற்பக் கண்ணீர் நிறைந்த காதல் கதை. நாவலாக அது நிற்காது. ஆனால் அந்தக் கண்ணீர் அமெரிக்கப் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது என்று நான் நம்பவில்லை. உள்நாட்டு மொழிகளில் அப்போது மக்கள் விரும்பிப் படித்த காதல் நாவல்களின் மரபு ஆங்கில உடை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அந்த வகையில், மோசமான முதல் நாவலிலேயே வீட்டுக் குரல் கேட்கத் தொடங்கிவிட்டது.

வகுப்பறையிலிருந்து எழுத்தை வெளியே இழுத்தவை பத்திரிகைகள். ‘பிலிப்பைன்ஸ் ஃப்ரீ பிரஸ்’ வார இதழை 1908இல் மெக்கலாக் டிக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாங்கி நடத்தினார். 1920இல் அரசியல் தலைவர் மானுவல் கெசோனின் முயற்சியில் ‘ஹெரால்ட்’ தொடங்கியது. 1927இல் ‘கிராஃபிக்’. இவற்றோடு ‘பிலிப்பைன் மேகசின்’. ஆசிரியர்களுக்கான இதழாகத் தொடங்கிய இது, ஹார்டென்டார்ப் என்ற பத்திரிகையாசிரியரின் கையில் இலக்கிய இதழாக மாறியது. நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து 1917இல் தீவுகளுக்கு வந்தவர் அவர். உங்கள் ஊரை எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்த மனிதர்களை எழுதுங்கள் என்று இளைஞர்களை ஓயாமல் தூண்டியவர். அந்நாட்டின் சிறந்த சிறுகதைகளில் பல அவர் மேசையைக் கடந்து வந்தவை.

பிலிப்பைன்ஸ் ஆங்கில எழுத்தில் சிறுகதை ஏன் இவ்வளவு செழித்தது, நாவல் ஏன் பின்தங்கியது என்பதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. புத்தகம் போடப் பதிப்பாளர் கிடையாது. வார இதழில் சில பக்கம் கிடைக்கும்; அந்தச் சில பக்கத்துக்குச் சன்மானமும் கிடைக்கும். ஆர்த்துரோ ரோட்டோர் என்ற மருத்துவர் எழுதிய கதைகள் 1937இல்தான் நூலாயின. அதுவும் எழுத்தாளர்கள் தாமே கூடி அமைத்த ஒரு பதிப்புக் குழுவின் முதல் நூலாக. மருத்துவ மாணவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு ஒரு செய்தி: பிறவி மஞ்சள்காமாலை வகைகளில் ‘ரோட்டோர் சிண்ட்ரோம்’ என்று படிக்கிறீர்களே, அந்த ரோட்டோர் இவர்தான்.

இனி ‘டெட் ஸ்டார்ஸ்’ கதைக்கு வருகிறேன். ஆல்ஃப்ரெடோ சலசார் முப்பது கடந்த வழக்கறிஞன். எஸ்பெரான்சா என்ற பெண்ணோடு அவனுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிச்சயம் ஆகிவிட்டது. பக்கத்து நீதிபதி வீட்டுக்கு வந்திருக்கும் ஹூலியா சாலாஸ் என்ற பெண்ணை அவன் சந்திக்கிறான். முதல் சந்திப்பில் அவள் பெயரையே தவறாக எடுத்துக்கொண்டு, மாலை முழுவதும் வேறு குடும்பப் பெயரைச் சொல்லி மரியாதையாக அழைத்துக்கொண்டிருக்கிறான். பழகுகிறார்கள். காதல் என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அவள் ஊருக்குப் போய்விடுகிறாள். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி எஸ்பெரான்சாவை மணக்கிறான். எட்டு ஆண்டு கழித்து, ஒரு வழக்குக்காகச் சாட்சி தேடி அவன் போகும் ஊர் ஹூலியாவின் ஊர். அவள் இன்னும் மணமாகாமல் இருக்கிறாள். அவள் வீட்டில் உட்கார்ந்து பேசும்போதுதான் அவனுக்குப் புரிகிறது, இத்தனை ஆண்டும் தான் மனத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது எப்போதோ அணைந்துவிட்ட விண்மீனின் ஒளி என்று.

கதையை இவ்வளவு சுருக்கினால் சாதாரணமாகத் தெரியலாம். அதன் நுட்பம் உரையாடலில் இருக்கிறது. அந்த வீடுகளில் நிஜத்தில் நடந்திருக்கக்கூடிய பேச்சு ஸ்பானியத்திலோ தகலோக்கிலோ இருந்திருக்கும். பெனித்தெஸ் தரும் ஆங்கிலம் சற்று விறைப்பானது, ஆசாரமானது, ஒவ்வொரு வாக்கியமும் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு நிற்பது. இந்த விறைப்பைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது கதையின் உயிராகப் படுகிறது. அந்த வர்க்கத்தில் ஒரு மணமாகாத பெண்ணும் நிச்சயமான ஆணும் பேச அனுமதிக்கப்பட்ட ஒரே மொழி மரியாதை மொழிதான். எந்த மொழியில் பேசினாலும் அவர்கள் இப்படித்தான் பேசியிருப்பார்கள். தனக்குப் பள்ளியில் கிடைத்த ஆங்கிலத்தின் மிடுக்கையே எடுத்து, ஆசையை மறைக்கும் திரையாக்கிவிட்டார் அந்த அம்மையார். சிக்கலுக்குக் கிடைத்த முதல் நல்ல தீர்வு இது.

அவர் அதிகம் எழுதவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய கதைகள்தான். ஆனால் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சிறுகதை வகுப்பு நடத்தினார். 1927இல் ஆங்கிலச் சிறுகதைகளின் தொகுப்பொன்றைக் கொண்டுவந்தார். அதற்கு முன் 1919இலேயே பெண்களுக்கென ஓர் ஆங்கில இதழைத் தொடங்கியிருந்தார். 1927இல் பல்கலைக்கழக எழுத்தாளர் மன்றம் அமைந்தது. பாஸ் லாத்தொரேனா என்ற பெண் எழுத்தாளர் அதன் நிறுவனர்களில் ஒருவர். இந்த இலக்கியத்தின் வாசலில் பெண்கள் இவ்வளவு பேர் நின்றார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதிதாக வந்த பள்ளி முறையில் பெண்கள் பெருமளவில் படித்தார்கள், ஆசிரியர்களானார்கள். அது அவர்களுக்குத் திறந்த கதவு.

அந்தக் கதவு எதுவரை திறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆஞ்செலா மானலாங் குளோரியா அந்தத் தலைமுறையின் மிகத் திறமையான கவிஞர்களில் ஒருவர். 1940இல் அவருடைய ‘போயம்ஸ்’ வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு பிலிப்பைன் பெண் வெளியிட்ட ஒரே ஆங்கிலக் கவிதை நூல் அது. திருமணத்துக்குள் பெண்ணுடல் படும் அடிமைத்தனத்தை நேராகப் பேசிய கவிதை அதில் இருந்தது. அந்த ஆண்டு அரசு நடத்திய போட்டிக்கு நூலை அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. பள்ளிகளுக்கென 1950இல் மறுபதிப்பு வந்தபோது, கல்வித்துறையின் வற்புறுத்தலால் வரிகளை மாற்ற வேண்டியிருந்தது. போரின் இறுதியில் அவர் கணவர் ஜப்பானியப் படையால் கொல்லப்பட்டார். மூன்று பிள்ளைகளை வளர்க்க அல்பாய் மாகாணத்தில் மணிலா சணல் வியாபாரத்தில் இறங்கினார், கவிதை நின்றுபோனது. இந்த இழப்பை இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகின்றன. அது நியாயம் இல்லை.

1929இல் மாணவராக இருந்த ஹோசே கார்சியா வில்யா ‘ஹெரால்ட்’ ஏட்டின் இலக்கியப் பகுதியில் ‘மேன் சாங்ஸ்’ என்ற தலைப்பில் காமம் சார்ந்த கவிதைகள் எழுதினார். மணிலா நீதிமன்றம் ஆபாசம் என்று தீர்ப்பளித்து எழுபது பெசோ அபராதம் விதித்தது. பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. அவருடைய தந்தை அகினால்டோவின் மருத்துவராக அமெரிக்காவுடனான போரில் உடனிருந்தவர். மகன் மருத்துவம் படிக்க வேண்டும் என்று விரும்பியவர். அதே ஆண்டு வில்யாவின் ‘மிர்-இ-நிசா’ என்ற கதைக்கு ‘ஃப்ரீ பிரஸ்’ ஆயிரம் பெசோ பரிசு கொடுத்தது. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

1903க்கும் 1929க்கும் இடையில் நடந்த மாற்றத்தைக் கவனியுங்கள். முன்பு தகலோக் எழுத்தை அரசு தண்டித்தது அரசியலுக்காக. இப்போது ஆங்கில எழுத்தைத் தண்டித்தது ஒழுக்கத்துக்காக. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒன்று நீதிமன்றம் வரை போகிற அளவுக்கு ஊரைத் தொந்தரவு செய்கிறது என்றால், அது வகுப்பறைப் பயிற்சி என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

1933இல் வில்யாவின் ‘ஃபுட்நோட் டு யூத்’ கதைத் தொகுப்பை நியூயார்க்கின் ஸ்க்ரிப்னர்ஸ் வெளியிட்டது. பிறகு கதையை விட்டுவிட்டுக் கவிதைக்குப் போனார். 1942இல் வைகிங் நிறுவனம் ‘ஹேவ் கம், ஆம் ஹியர்’ தொகுப்பைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் காற்புள்ளி வைத்து எழுதிய கவிதைகளும் பின்னால் வந்தன. நான் முன்னர் சொன்ன சிக்கலுக்கு வில்யாவின் தீர்வு எளியது: பேசுகிற மனிதர்களையே கவிதையிலிருந்து நீக்கிவிட்டார். கடவுளும் நானும் மொழியும் மட்டும் மிஞ்சினார்கள். ஊர் இல்லை, வீதி இல்லை. கவிதையாக அவற்றில் சில மிக அழகானவை. ஆனாலும், ஆண்டுதோறும் அவர் அமெரிக்காவில் இருந்தபடியே பிலிப்பைன்ஸின் சிறந்த ஆங்கிலக் கதைகளைத் தேர்ந்து பட்டியலிட்ட வேலையை நான் அவருடைய கவிதைகளைவிடப் பெரிதாக மதிக்கிறேன். அந்தப் பட்டியலில் பெயர் வருவதற்காக ஒரு தலைமுறையே தன் வாக்கியங்களைச் செதுக்கியது.

நான் இன்று எதற்காக இந்த மேடைக்கு வந்தேனோ அந்தக் கதை இனிதான். மானுவல் அர்கில்யா 1911இல் லா யூனியன் மாகாணத்தில், பாவாங் நகரை அடுத்த நக்ரெப்கான் என்ற சிற்றூரில் பிறந்தார். இலோகானோ பேசும் விவசாயப் பகுதி. மணிலாவில் படித்து, எழுத்தாளர் மன்றத்துக்குத் தலைவராகி, அங்கேயே வேலையும் பார்த்தார். எழுதியதோ பெரும்பாலும் நக்ரெப்கானை. அவருடைய புகழ்பெற்ற கதை, அண்ணன் லியோன் பட்டணத்திலிருந்து மனைவியை அழைத்து வருவதைப் பற்றியது. சொல்பவன் தம்பி பால்டோ, சிறுவன். மாட்டு வண்டியோடு பெரிய சாலைக்குப் போய் அண்ணனையும் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வண்டியில் பூட்டியிருப்பது லாபாங் என்ற காளை. வழக்கமான பெரிய சாலையை விட்டுவிட்டு, வயல் நடுவே வறண்ட ஓடைப்படுகை வழியாக வண்டியை ஓட்டுகிறான். அண்ணன் ஏன் என்று கேட்கிறான். தம்பி நேரான பதில் தருவதில்லை. இருட்டுகிறது, விண்மீன்கள் வருகின்றன, அண்ணனும் அண்ணியும் பாடுகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் அப்பா பால்டோவிடம் மட்டும் தனியே விசாரிக்கிறார்: அவள் பயந்தாளா, வழியில் என்ன பேசிக்கொண்டார்கள். பட்டணத்துப் பெண் இந்த மண்ணில் நிற்பாளா என்று சோதிக்க அந்த வழியைச் சொல்லிவிட்டவர் அவர்தான் என்பது நமக்கு அப்போதுதான் தெரிகிறது.

இந்தக் கதையில் ஒருவர்கூட ஆங்கிலம் பேசவில்லை. ஆனால் படிக்கும்போது இலோகானோ கேட்கிறது. அந்த மொழி தெரியாத எனக்கே கேட்கிறது. அர்கில்யா என்ன செய்தார்? பள்ளி கற்றுத்தந்த நீண்ட, ஜோடித்த வாக்கியத்தைத் தூக்கிப்போட்டார். சிறு வாக்கியங்கள். ஒரு சிறுவன் பார்ப்பது, முகர்வது, தொடுவது. அண்ணியின் வாசனை அவனுக்குப் பப்பாளிப் பூ காலையில் மணப்பதுபோல இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொற்களை அப்படியே விட்டுவிட்டார், விளக்கம் தரவில்லை. பேச்சு குறைவு. கிராமத்தில் அப்பாவும் மகனும் எவ்வளவு பேசிக்கொள்வார்களோ அவ்வளவு. பெனித்தெஸ் மரியாதை மொழியால் சாதித்ததை அர்கில்யா மௌனத்தால் சாதித்தார். அந்நிய மொழியில் எழுதுபவனுக்கு மிகப் பெரிய ஆபத்து, மொழியைக் காட்டிக்கொள்ளும் ஆசை. அந்த ஆசையை அடக்கியவர்களில் இவரே முதல்வர் என்று நான் கருதுகிறேன். 1940இல் இந்தக் கதை இடம்பெற்ற தொகுப்புக்கு அரசின் காமன்வெல்த் இலக்கிய விருது கிடைத்தது.

அதே அர்கில்யா ‘ரைஸ்’ என்றும் ஒரு கதை எழுதினார். நிலக்கிழாரின் வயலில் நத்தை பொறுக்கியதற்காகக் குத்தகை விவசாயிக்கு அபராதம். பசி தாங்காமல் கடைசியில் விவசாயிகள் அரிசி வண்டிகளைத் தேடிப் போகிறார்கள். முப்பதுகளில் மத்திய லூசோனில் குத்தகைக்காரர்களின் கிளர்ச்சிகள் உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தன. எழுத்து எதற்காக என்ற கேள்வி சூடுபிடித்தது. சல்வடோர் லோபெஸ் ‘லிட்டரேச்சர் அண்ட் சொசைட்டி’ என்ற கட்டுரை நூலில், வில்யாவின் தூய கலைக் கொள்கையை எதிர்த்து, எழுத்தாளன் தன் காலத்து மனிதர்களோடு நிற்க வேண்டும் என்று வாதிட்டார். 1940இன் கட்டுரைப் பரிசு அந்த நூலுக்கு. என் சாய்வு லோபெஸ் பக்கம்தான். ஆனால் இரு தரப்புமே ஒரு கேள்வியைத் தொடவில்லை என்பது என்னை உறுத்துகிறது. 1939 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஒரு கோடியே அறுபது லட்சம் பேர்; ஆங்கிலம் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் நான்கில் ஒருவர். பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்காம் வகுப்பைத் தாண்டாமல் நின்றுவிட்டார்கள் என்பதை 1925இல் அமெரிக்கக் கல்வியாளர் பால் மன்ரோவின் குழுவே கண்டு சொன்னது. ‘ரைஸ்’ கதையில் வரும் விவசாயி ‘ரைஸ்’ கதையைப் படிக்க முடியாது. மக்களோடு நில் என்ற அறைகூவல் மக்களுக்கு எட்டாத மொழியில் விடுக்கப்பட்டது. அவர்கள் படித்ததெல்லாம் 1922இல் தொடங்கிய ‘லிவாய்வாய்’ போன்ற தகலோக் வார இதழ்களும், மற்ற வட்டார மொழி இதழ்களும்தான்.

இதைச் சொல்லி அர்கில்யாவைக் குறைக்க நான் வரவில்லை. அவர் தன்னிடம் இருந்த மொழியை வைத்து, அந்த விவசாயிக்கு ஒரு முகம் கொடுத்தார். இலோகானோவில் எழுதியிருந்தால் செபுவில் படித்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. வெவ்வேறு மொழி பேசும் படித்த இளைஞர்கள் ஒருவர் கதையை ஒருவர் படித்தது ஆங்கிலத்தில்தான். செபுவைச் சேர்ந்த எஸ்த்ரெல்யா அல்ஃபோனும் மின்தோரோ தீவின் வாழ்வை எழுதிய என்.வி.எம். கொன்சாலெசும் மணிலா இதழ்களில் சந்தித்துக்கொண்டது இந்த மொழியின் தயவால். நாட்டை ஒன்றாகப் பார்க்கவும் அந்த மொழியே உதவியது. நாட்டின் பெரும்பகுதியை வெளியே நிறுத்தவும் அதே மொழி உதவியது. இரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

கார்லோஸ் புலோசானின் வழி தனி. பங்காசினான் மாகாணத்தின் பினலோனான் ஊரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1930இல் கூலித் தொழிலாளியாகச் சியாட்டில் போய் இறங்கினார். பல்கலைக்கழகம் போனதில்லை, எழுத்தாளர் மன்றம் கிடையாது. பண்ணைகளிலும் தொழிற்சங்கத்திலும் அலைந்து, காசநோயால் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனையில் நீண்ட காலம் படுத்துக் கிடந்தபோது நூல் நூலாக வாசித்து எழுத்தாளரானவர். அவருடைய ‘அமெரிக்கா இஸ் இன் தி ஹார்ட்’ 1946இல் வந்தது. அவர் எழுத்தில் ஆங்கிலம் பேசுபவர்கள் வருகிறார்கள்: முதலாளி, போலீஸ்காரர், அடிக்க வரும் கும்பல். மணிலாக்காரர்கள் வகுப்பறையில் கற்ற மொழியை அவர் அடிபட்டுக் கற்றார். அதனால்தான் அவருடைய வாக்கியங்களில் சில இடங்களில் கரடுமுரடு இருந்தாலும் பொய் இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கியது. ஆங்கில இதழ்கள் நின்றன. ஹார்டென்டார்ப் சாந்தோ தொமாஸ் பல்கலைக்கழக வளாகத்துச் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். அங்கேயும் முகாம் வரலாற்றை ரகசியமாக எழுதிவைத்தார். அர்கில்யா கெரில்லா உளவுப் பணியில் ஈடுபட்டுப் பிடிபட்டார். 1944 ஆகஸ்டில் ஜப்பானியர்கள் அவரைக் கொன்றார்கள். வயது முப்பத்துமூன்று. 1945 பிப்ரவரியில் நடந்த மணிலாச் சண்டையில் நகரமும் நூலகங்களும் எரிந்தன. போருக்கு முந்தைய இதழ்களின் தொகுதிகள் இன்று அரிதாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

எஞ்சியதைத் தேடிச் சேர்த்தவர்களில் லியோபோல்டோ யாபெஸ் என்ற அறிஞருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1925 முதல் 1940 வரையிலான ஆங்கிலச் சிறுகதைகளை அவர் தொகுத்த நூல் 1975இல் வெளிவந்தது. ‘டெட் ஸ்டார்ஸ்’ வெளியான ஆண்டையே அது தொடக்கமாக வைத்துக்கொள்கிறது. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் அந்தக் காலத்துக்குள் நுழைய விரும்பினால், ஆண்டு வரிசையில் தொடங்க வேண்டாம். முதலில் அர்கில்யாவின் வண்டிப் பயணத்தைப் படியுங்கள். பிறகு பெனித்தெஸுக்கு வாருங்கள். அப்போது அந்த விறைப்பான உரையாடல்களுக்குள் என்ன நடக்கிறது என்பது பிடிபடும். அதன் பிறகு மானலாங் குளோரியாவின் கவிதைகள், மாற்றப்படாத முதல் பதிப்பின் வடிவில். மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால், அவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு: அர்கில்யாவின் நக்ரெப்கான் கதைகளை முழுத் தொகுப்பாகத் தமிழில் கொண்டுவாருங்கள். பால்டோவையும் அவன் அப்பாவையும் பேசவைக்க நமக்குத் தமிழில் எந்தச் சிரமமும் இருக்காது.